‘ரீ-எக்ஸ்போர்ட் கன்சென்ட்’: ‘மறு ஏற்றுமதி அனுமதி’ சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

படைக்கல விற்பனைச் சொற்பட்டியலில் ‘ரீ-எக்ஸ்போர்ட் கன்சென்ட்’டுக்கு, அதாவது வாங்கிய படைக்கலத்தை வேறொரு நாட்டுக்குத் தர முன்பு தந்த நாடு அளிக்கும் ஒப்புதலுக்கு, ‘மறு ஏற்றுமதி அனுமதி’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

எஸ்டோனியா உக்ரைனுக்குக் கொடுத்த டி-30 பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 122 மி.மீ. குழல், சோவியத் வடிவமைப்பு. கிழக்கு ஜெர்மனியின் படையில் இருந்தது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது புதிய அரசின் கைக்கு வந்தது. பின் பின்லாந்துக்கும், அங்கிருந்து எஸ்டோனியாவுக்கும் போனது. 2022 ஜனவரியில் எஸ்டோனியா அதை உக்ரைனுக்குத் தர முனைந்தபோது, ஜெர்மனி, பின்லாந்து இரண்டையும் கேட்க வேண்டியிருந்தது. ஜெர்மனி இழுத்தடித்தது. ரஷ்யப் படை எல்லை தாண்டிய பிறகு, பிப்ரவரி 26 அன்றுதான் சரி என்றது.

இங்கே கொடுப்பவர் எஸ்டோனியா. ஜெர்மனி செய்தது ஒன்றே ஒன்று: ‘எங்களைக் கேட்காமல் வேறு யாருக்கும் தரக் கூடாது’ என்று விற்றபோது போட்ட நிபந்தனைக் கட்டை இந்த ஒரு முறைக்கு அவிழ்த்தது. ‘மறு ஏற்றுமதிக்கு ஜெர்மனி அனுமதி’ என்று தலைப்புப் போட்டால், ஜெர்மனியே பீரங்கி அனுப்பியதாகத்தான் படிப்பவர் நினைப்பார். தவிர, இந்தக் கட்டு விற்பனைக்கு மட்டும் உரியதல்ல. நன்கொடை, இரவல், பண்டமாற்று எல்லாவற்றையும் பிடிக்கும். ‘ஏற்றுமதி’ அத்தனைக்கும் பொருந்தாது.

என் பரிந்துரை: மூன்றாம் தரப்புக் கையளிப்பு இசைவு.

---

> மூன்றாம் தரப்புக் கையளிப்பு இசைவு

வணக்கம் ஐயா. ‘ஏற்றுமதி’யை விடுவதும் ‘இசைவு’ம் முழுக்கச் சரி. ‘மூன்றாம் தரப்பு’தான் உறுத்துகிறது. நீங்கள் காட்டிய பீரங்கியையே எண்ணிப் பாருங்கள்: ஜெர்மனி, பின்லாந்து, எஸ்டோனியா, உக்ரைன். உக்ரைன் நான்காவது கை. எத்தனை கை மாறினாலும் கட்டு அறாது என்பதுதானே இதன் உயிர்நாடி? எண்ணைச் சொல்லில் வைத்தால் அது மறைந்துபோகும்.

‘கையளிப்பு’ ஈழத்தில் இயல்பாக வழங்கும் நல்ல சொல். ஆனால் ஒருவர் கையில் ஒப்படைக்கும் அந்த நிகழ்வையே அது முதலில் நினைவூட்டுகிறது. இசைவோ அதற்கு வெகு முன்பே வேண்டும். போலந்திடம் இருந்த பழைய கிழக்கு ஜெர்மன் மிக்-29 விமானங்களில் ஐந்தை உக்ரைனுக்குத் தர ஜெர்மனி 2023 ஏப்ரல் 13 அன்று, கேட்ட அன்றைக்கே இசைந்தது. விமானம் கைக்குப் போவது அதற்கடுத்த வேலை.

‘கைமாற்று இசைவு’ என்று சுருக்கலாமா?

---

> கைமாற்று இசைவு

‘கைமாற்று’ வேண்டாம். ‘ஐந்நூறு ரூபாய் கைமாற்றாக் கொடு’ என்றால் வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தரும் சிறுகடன். படைக்கலம் இரவல் தருவதும் இத்துறையில் நடப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். ஈற்றை மாற்றி ‘கைமாற்றம்’ என்று கொள்வோம். தொகையில் ‘கைமாற்ற இசைவு’. ‘வீடு கை மாறியது’ என்று எல்லோரும் சொல்வதால் புதிதாகவும் தோன்றாது.

‘அனுமதி’ ஏன் ஆகாது என்பதற்கு எக்குவடோர் நல்ல சான்று. 2024 ஜனவரியில் அந்நாட்டு அதிபர் நோபோவா, பழைய ரஷ்யப் படைக்கலங்களை அமெரிக்காவுக்குக் கொடுத்து 20 கோடி டாலர் மதிப்புள்ள புதியவற்றைப் பெறப்போவதாக அறிவித்தார். அவை வெறும் பழைய இரும்பு என்பது அவர் வாதம். ஒப்பந்தப்படி எங்கள் இசைவு இல்லாமல் பிறருக்குத் தர முடியாது என்றது ரஷ்யா. பிப்ரவரியில் பூச்சியைக் காரணம் காட்டி ஐந்து எக்குவடோர் நிறுவனங்களின் வாழைப்பழ இறக்குமதியை ரஷ்யா நிறுத்தியது. எக்குவடோர் பின்வாங்கியதும் தடை நீங்கியது. அனுமதி என்பது அதிகாரம் உள்ளவர் தம் ஆட்சிக்கு உட்பட்டவருக்குத் தருவது. எக்குவடோர் ரஷ்யாவின் ஆட்சிக்கு உட்பட்டதல்ல. கையெழுத்திட்ட சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஒப்பந்தம் செய்துகொண்ட இருவருக்கு இடையே செல்வது இசைவுதான்.

விளக்கத்தில் தவறாமல் சேர்க்க வேண்டியது: கட்டு ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி. கெபார்ட் வான்காப்பு வண்டியை ஜெர்மனி தானே உக்ரைனுக்குத் தந்தது. அதன் 35 மி.மீ. குண்டுகளில் ஏறத்தாழ 12,400 சுவிட்சர்லாந்தில் செய்தவை. போரிடும் நாட்டுக்குத் தரத் தன் சட்டம் இடம் தராது என்று 2022இல் சுவிட்சர்லாந்து மறுத்துவிட்டது. குண்டில்லாத கெபார்ட்டால் வானத்தைக் காக்க முடியாது. கடைசியில் ஜெர்மனி தன் மண்ணிலேயே அந்தக் குண்டைச் செய்ய ஏற்பாடு செய்தது.

‘எண்ட் யூசர் சர்டிஃபிகேட்’டையும் இதோடு திருத்திவிடலாம். பட்டியலில் ‘இறுதிப் பயனர் சான்றிதழ்’ என்று உள்ளது. சான்றிதழ் என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவர் தருவது. இங்கோ வாங்கும் அரசே ‘நான்தான் பயன்படுத்துவேன், கேட்காமல் பிறருக்குத் தர மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்கிறது. ஆகவே ‘இறுதிப் பயனர் உறுதிமொழி’. இந்த உறுதிமொழியில் பிறப்பதுதான் கைமாற்ற இசைவு கேட்கும் கடமை. இரண்டு பதிவுகளையும் ஒன்றுக்கொன்று சுட்டி இட வேண்டும்.

பதிவு இப்படி:

கைமாற்ற இசைவு (பெ.): பெற்ற படைக்கலத்தையோ அதன் உறுப்பையோ வேறொருவருக்கு விற்கவும், கொடையாகவோ இரவலாகவோ தரவும், முன்பு அதைத் தந்த அரசு அளிக்க வேண்டிய ஒப்புதல். எ-டு: மிக்-29களை உக்ரைனுக்குத் தர போலந்து ஜெர்மனியின் கைமாற்ற இசைவைப் பெற்றது.

---

ஒப்புகிறேன் ஐயா. ஒரே ஒரு திருத்தம்: ‘அரசு’ என்பதை ‘அரசு அல்லது அரசுகள்’ என்று ஆக்குங்கள். டி-30க்கு இரண்டு தேவைப்பட்டன.