மாலை யோகா வகுப்புக்கு என்ன இசை போடலாம்?

வடவள்ளிக்காரி:

வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் மாலை ஆறு மணிக்கு யோகா சொல்லித்தருகிறேன். இருபது பேர் வருவார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள், நாலைந்து ஐடி பையன்கள், ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர். இதுவரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'தியான இசை'யைத்தான் ஓடவிட்டேன். தண்ணீர் சொட்டும், குருவி கத்தும், நடுவில் டங்கென்று ஒரு மணி. போன வாரம் ஒரு அம்மா சொன்னார்: "தண்ணி சத்தம் கேட்டாலே பாத்ரூம் போகணும்போல இருக்குதுங்க."

பையன்கள் இளையராஜா கேட்கிறார்கள். வாத்தியார் கர்நாடக சங்கீதம்தான் பொருத்தம் என்கிறார். எனக்கு ஆசனம் தெரியும், ராகம் தெரியாது. எதைப் போடுவது, எங்கே நிறுத்துவது? சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பின்வரிசை பெஞ்சு:

நான் கற்றுக்கொள்ளும் பக்கம், சொல்லித்தரும் பக்கம் இல்லை. சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். தெரிந்த பாட்டு வந்தால் அடுத்த வரி மனசில் தானாக ஓடும். வீரபத்ராசனத்தில் நின்றுகொண்டு சரணத்துக்குக் காத்திருப்பேன். டீச்சர் "மூச்சை விடுங்கள்" என்று சொன்னது காதிலேயே விழாது. பாட்டை எடுத்துவிட்டு வாத்தியம் மட்டும் போட்டாலும் இதே கதைதான், மெட்டு தெரியுமே.

வீணை அம்மா:

மயிலாப்பூரில் வீணை சொல்லித்தருகிறேன். யோகா வகுப்புகளுக்கு நேரில் உட்கார்ந்து வாசித்த பழக்கமும் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தாளத்தை வெளியே அனுப்புங்கள். மிருதங்கம், தபலா, கஞ்சிரா எதுவும் வேண்டாம். மூச்சுக்கு ஒரு நடை இருக்கிறது, ஆளுக்கு ஆள் அது வேறு. ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை ஓடினால் இருபது பேரும் தங்களை அறியாமல் அந்த எட்டு அட்சரத்துக்குள், அதாவது எட்டு எண்ணிக்கைக்குள், மூச்சை அடைக்கப் பார்ப்பார்கள். அறுபது வயதுக்காரரும் இருபத்தைந்து வயதுப் பையனும் ஒரே வேகத்தில் மூச்சு விட வேண்டுமா என்ன? பிராணாயாமத்தில் இது இன்னும் மோசம். திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, உள்ளே பிடிக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 என்று கணக்குப் போட்டுத் தருகிறார். அவ்வளவு நேரம் உங்கள் மாணவர்களைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், அது பழகியவர்களுக்கு. ஆனால் நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடச் சொன்னாலும் அதுவும் ஒரு கணக்குதான். ஒரு கணக்கு ஓடும்போது பக்கத்தில் இன்னொருவர் வேறு கணக்கைத் தட்டக் கூடாது. பிராணாயாமத்துக்குத் தம்புரா சுருதி போதும். அதுவும் வேண்டாமென்றால் மின்விசிறிச் சத்தம் போதும்.

தம்புராவை அலுப்பு என்று நினைக்காதீர்கள். பஞ்சமம் (ப), இரண்டு சட்ஜம் (ஸ), அப்புறம் கீழ் சட்ஜம், இந்த நாலு தந்திகள்தான். தந்தியைத் தாங்கும் கட்டையைக் குதிரை என்போம். அந்தக் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலை நுழைத்து நகர்த்துவோம், ஜீவா என்போம். அது சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் தந்தி ரீங்காரம் செய்யும். மின் சுருதிப் பெட்டியிலும் கைப்பேசிச் செயலியிலும் அந்த ரீங்காரம் ஓரளவு வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஓம் சொல்வீர்களானால், கூட்டம் எந்தச் சுருதியில் தானாகச் சொல்கிறதோ அந்தக் கட்டைக்கு, அதாவது அந்தச் சுருதி உயரத்துக்கு, பெட்டியைத் திருப்புங்கள். பெட்டிக்காக அவர்கள் தொண்டையைத் தூக்கக் கூடாது.

ஆசனப் பகுதிக்கு ஆலாபனை போடலாம், பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது அது; வீணையாக இருந்தால் நல்லது. உங்கள் குரலோடு மோதாது. புல்லாங்குழலும் வயலினும் மேலே போகும்போது பெண் குரலை மறைத்துவிடும், நீங்கள் கத்த வேண்டியிருக்கும். இன்னொன்று, கச்சேரிப் பதிவை அப்படியே போடாதீர்கள். ஆலாபனை கீழே நிதானமாக ஆரம்பிக்கும். ஐந்தாறு நிமிடத்தில் மேல் சட்ஜத்துக்கு ஏறி அங்கே பிருகா மழை, வேகமான ஸ்வரச் சுழற்சிகள், பொழியும். சபாவில் கைதட்டு வாங்குவது அந்த இடம்தான். உங்கள் ஹாலில் ஒருவர் ஒற்றைக் காலில் விருட்சாசனத்தில் நிற்கும்போது அது வேண்டாம். முதல் நாலைந்து நிமிடத்தை மட்டும் வெட்டி, மெதுவாகத் தேய்ந்து முடியும்படி செய்துகொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கைப்பேசியிலேயே செய்து தருவார்கள்.

ராகம் என்று கேட்டால், உங்களுடையது மாலை வகுப்பு. பூபாளம், பௌளி, மலயமாருதம் எல்லாம் விடியலுக்குப் பழகியவை. சாயங்காலம் போட்டால் குற்றமில்லை, எனக்கு என்னவோ ஒட்டாது. மோகனம் யாரையும் உறுத்தாது, அதில் ஆரம்பியுங்கள். மாலைக்கு வசந்தா அழகு. கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு நீலாம்பரியோ ஆனந்த பைரவியோ. இரண்டுமே தாலாட்டுக்குப் பேர் போனவை. குறட்டை கேட்டால் ராகத்தைத்தான் திட்ட வேண்டும், ஆளை இல்லை. சுபபந்துவராளி பக்கம் மட்டும் போகாதீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

வடவள்ளிக்காரி:

அம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம். சூரிய நமஸ்காரத்துக்கு இவ்வளவு நிதானம் சரிப்படுமா? பையன்கள் தூங்கிவிடுவார்கள். அப்புறம், ஹால் எதிரொலிக்கிறது. ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

வீணை அம்மா:

சூரிய நமஸ்காரத்துக்குத் தானம் போட்டுப் பாருங்கள். ராகம் தானம் பல்லவியில் நடுவில் வருமே, அது. தாளக் கட்டு கிடையாது, ஆனால் ஓட்டம் உண்டு. வீணையில் கேட்டால் தெரியும், உடம்பைத் தள்ளிக்கொண்டு போகும், எண்ணச் சொல்லாது. பன்னிரண்டு நிலைகளையும் அவரவர் வேகத்தில் செய்யலாம். ஒரு ராகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டு பதிவும் ஒரே கட்டையில் இருக்கிறதா பாருங்கள். ஒன்று இரண்டு கட்டை, அடுத்தது ஐந்து என்றால் தரை நகர்ந்த மாதிரி இருக்கும். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் அது உறைக்கும், என்னவென்று சொல்லத்தான் தெரியாது.

ஸ்பீக்கரை மூலையில் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், எதிரொலி கூடும். உங்கள் பக்கத்திலேயே தரையில் வையுங்கள். சத்தம் எவ்வளவு என்றால், பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் சாதாரணமாகப் பேசுங்கள். ஒரு சொல் தப்பினாலும் இசையைக் குறைக்க வேண்டும். குரலை ஏற்றாதீர்கள்.

மைசூர்ப் பாணி:

எதிர்க்கட்சியாக ஒரு வார்த்தை. நான் அஷ்டாங்க யோகா பழகுகிறேன். எங்கள் கூடத்தில் இசையே கிடையாது. தொண்டையைச் சற்றுக் குறுக்கி ஓசையோடு விடும் உஜ்ஜயி மூச்சின் சத்தம்தான் எங்களுக்குச் சுருதி. அது தேய்ந்தால் ஆசனம் கைமீறிப் போகிறது என்று அர்த்தம், ஆசிரியர் காதால் கேட்டே ஓடி வந்து திருத்துவார். ஸ்பீக்கர் ஓடினால் இருபது பேரின் மூச்சும் உங்களுக்குக் கேட்காது. வீணை அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. நின்று செய்யும் ஆசனங்களுக்காவது நிறுத்திப் பாருங்கள்.

வீணை அம்மா:

இதை ஒப்புக்கொள்கிறேன். வாசிக்கிறவளே சொல்கிறேன், வகுப்பில் பாதி நேரம் இசை இல்லாமல் இருந்தால் மீதிப் பாதி நன்றாகக் கேட்கும்.

உரிமம் ராமசாமி:

எல்லோரும் ராகம் பேசிவிட்டீர்கள், ஒருவரும் காசு பேசவில்லை. கட்டணம் வாங்கும் வகுப்பில் பதிவு செய்த இசையைப் போடுவது வீட்டில் கேட்பது மாதிரி ஆகாது. ஸ்ட்ரீமிங் சந்தா தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்குப் பிபிஎல், பாட்டுக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்று உரிமம் தரும் அமைப்புகள் இருக்கின்றன. தியாகராஜர் 1847இல் காலமானவர், அவர் கீர்த்தனைக்கு யாரும் காசு கேட்க முடியாது. ஆனால் அதை நேற்று வாசித்துப் பதிவு செய்தவருக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. சரி, 1950களின் பழைய இசைத்தட்டுகள் இருக்கிறதே என்றால், அந்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலத்தான் கொள்ளும். நீங்கள் கால் விரலைத் தளர்த்தச் சொல்லி முழங்காலுக்கு வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

மலிவான வழி, கோவையிலேயே வீணை கற்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து மோகனமும் நீலாம்பரியும் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது. அந்தப் பிள்ளைக்கு நியாயமான தொகையைக் கொடுங்கள். வகுப்பில் போட அனுமதி தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரிடம்.

வடவள்ளிக்காரி:

எங்கள் சி பிளாக்கிலேயே வீணை கற்கிற பெண் இருக்கிறாள். நாளைக்கே அவள் அம்மாவிடம் பேசுகிறேன். வீணை அம்மா, அவளிடம் எந்தக் கட்டையில் வாசிக்கச் சொல்லட்டும்?

வீணை அம்மா:

அவள் வீணை எதற்குச் சேர்த்திருக்கிறதோ அதிலேயே வாசிக்கட்டும். எல்லா ராகத்தையும் ஒரே உட்காரலில் பதிவு செய்யுங்கள், சுருதி மாறாது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.