வீட்டுக்கல்வி: டிசி, எமிஸ், பத்தாவது... எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர் அப்பா:
மகளுக்கு 9 வயது, நாலாவது முடிக்கிறாள். ஜூனிலிருந்து வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். எந்த ஆபீஸில் அனுமதி வாங்கணும்? அடுத்த பள்ளி பெயரைச் சொன்னால்தான் டிசி என்கிறார்கள். பின்னால் பத்தாவது எழுத முடியுமா?

வேளச்சேரி அம்மா:
அனுமதிக்கென்று ஆபீஸே கிடையாது சார். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்விக்குத் தனி விதியோ பதிவோ கிடையாது.

டிசியை வாயால் கேட்காதீர்கள். 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். டிசி போட்டதும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறை மாணவர் பதிவுத் தளத்தில் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத மாணவர் பட்டியலுக்குப் போகும். எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் வீட்டுக்கு ஆள் வரலாம். பயப்பட வேண்டாம், தேதி போட்ட நோட்டுகளைக் காட்டுங்கள். மனம் மாறினால் 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்கலாம்.

அண்ணா நகர் டீச்சர்:
பத்தாவதுக்கு இரண்டு வழி. என்ஐஓஎஸ் (மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி): 14 வயது நிறைந்திருந்தால் போதும், எட்டாவது சான்றிதழ் இல்லாவிட்டால் சுய உறுதிமொழி. ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது வேண்டும். பாடக் குறியீட்டு எண்கள்: தமிழ் 237, கணிதம் 211, அறிவியல் 212. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் தேர்வெழுத ஒன்பது வாய்ப்பு. பலர் கோட்டை விடுவது டிஎம்ஏ என்ற ஒப்படைப்பில். அதற்கு 20 சதவீத மதிப்பெண்.

மாநில வாரியம்: 12½ வயது நிறைந்ததும் தனித்தேர்வராக எட்டாவது, அப்புறம் எஸ்எஸ்எல்சி. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கணும், 80 சதவீத வருகையும் வேணும். அதைத் தவறவிட்டால் வருடமே போய்விடும். வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கு என்ஐஓஎஸ்தான் தோது என்பேன்.

பெரம்பூர் அப்பா:
நன்றி மேடம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை, 'பெண்' என்று மட்டும் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால்.

அண்ணா நகர் டீச்சர்:
அதை இப்போதே சரிசெய்யுங்கள். மாநகராட்சியில் பெயர் பதியுங்கள், பிறப்பைப் பதிந்ததிலிருந்து 15 வருடம் வரைதான் முடியும். அங்கே எழுதும் எழுத்துக் கூட்டல்தான் ஆதாரிலும் டிசியிலும் இருக்கணும், இனிஷியல் இருக்கும் இடம் உட்பட. ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பெண் பட்டியலில் திருத்த அலைய வேண்டி வரும்.