4 அடி மீன்தொட்டிக்கு மர ஸ்டாண்ட்: பனங்கை, வேம்பு தாங்குமா?

பாளைவாசி:
அண்ணாச்சிமாரே, 4×2×2 அடி தொட்டி, 12 மி.மீ. கண்ணாடி. மாடியில வைக்கணும். பிரிச்ச வீட்டுப் பனங்கையும் (பனைமரச் சட்டம்) கொஞ்சம் வேம்பும் கிடக்கு. 2×2 அங்குலச் சட்டத்துல நாலு கால் போதும்ங்காரு ஆசாரி. சரிதானா?

உளிச்சத்தம்:
விளிம்பு வரை 450 லிட்டர். கண்ணாடி மட்டும் 90 கிலோ. மணல், கல் சேர்த்தா 600 கிலோவைத் தொடும்.
2×2 கால் நசுங்காது. தொய்யுறது மேல்சட்டம், ஆடுறது மொத்த ஸ்டாண்டும். மேல்சட்டம் 4×2 எடுத்து, 4 அங்குலம் மேல்கீழா நிக்கிற மாதிரி வைங்க. அதையே படுக்கப்போட்டா நாலு மடங்கு வளையும். கால் 3×3, மொத்தம் ஆறு; முன்னாடியும் பின்னாடியும் நடுவுல ஒண்ணு ஒண்ணு.
முக்கியம்: சட்டம் காலோட தலைமேல உக்காரணும். காலுக்குப் பக்கவாட்டுல வச்சு ஸ்க்ரூ முடுக்கினா எடை முழுக்க ஸ்க்ரூவுல தொங்கும். நாளடைவுல துளை நீண்டு சட்டம் இறங்கும். கால் தலையில முக்கால் அங்குல நாக்கு (துருத்தி நிக்கிற முனை), சட்டத்துல அது நுழையுற கூடு (குழி). ஸ்க்ரூ, பசை எல்லாம் நகராம இருக்க மட்டும்தான்.

செங்கோட்டை ரோடு:
பனங்கை வேண்டாம் வே. வெளிவைரம்தான் (கெட்டியான வெளிப்பகுதி) பலம், உள்ள மெத்துன்னு சோறு. நாரா பிளக்கும், கூடு நாக்குக்கு வராது. வேம்பைக் கரையான் அவ்வளவா தொடாது, ஆனா காயாத வேம்பு முறுக்கும். ஒரு மூலை 2 மி.மீ. தூக்கிட்டாலே அடிக்கண்ணாடிக்கு ஆபத்து. வேங்கை உறுதி, ஈரம் பட்டா சாயம் இறங்கித் தரை கறையாகும். பழைய தேக்குச் சட்டம் கிடைச்சா அதான் தோது, வெள்ளை (வெளிப்பக்க இளமரம்) இல்லாம வைரமா (முத்தின உள்மரம்) பாத்து எடுங்க. ஸ்டாண்டுக்கு மரம் கணக்குக்கு ரெண்டேகால் கன அடி. சேதாரம் சேர்த்து 3 வாங்கணும்.

ரசமட்டம்:
ஆட்டத்துக்கு மருந்து பின்பக்கப் பலகை. 12 மி.மீ. பிளைவுட், 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. மேல 18 மி.மீ. மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை பாத்து வாங்குங்க. வெட்டின ஓரத்துக்கும் வார்னிஷ் அடிக்கணும், தண்ணி அங்கதான் ஏறும். அதுமேல அரை அங்குலத் தெர்மோகோல். அடியில பிளாஸ்டிக் சட்டம் வச்ச தொட்டின்னா தெர்மோகோல் கூடாது.
மாடிதான் யோசிக்க வைக்கு. வீட்டுத் தளத்துக்குப் பொதுவா சதுர மீட்டருக்கு 200 கிலோதான் கணக்கு. உங்க தொட்டி நிக்கிற இடத்துல அது 800. அறை நடுவுல வைக்காதீங்க. கீழ சுவரோ பீமோ ஓடுற இடமா பாத்து, சுவரை ஒட்டி வைங்க. இன்ஜினியர் ஒருத்தர்ட்ட காட்டிருங்க.

பாளைவாசி:
பின்னாடி மூடிட்டா ஃபில்டர் குழாய் எப்படி வரும்? தரை கோணலா இருந்தா?

ரசமட்டம்:
பலகை நடுவாக்குல 3 அங்குல வட்டம் ரெண்டு போடுங்க, மூலையில வெட்டக்கூடாது. கோணலுக்குக் காலுக்கு அடியில தகடு வைங்க. தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல எதையும் செருகாதீங்க. பாதி நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் பாத்துட்டு மீதியை ஊத்துங்க.