மாருதி 800: ஹெட் கேஸ்கெட் மாத்த மாத்த போயிட்டே இருக்கு, எங்க தான் பிரச்சன?

குடியாத்தம்800:
வணக்கம் நண்பர்களே. அப்பா வாங்கின 98 மாடல் எண்ணூறு, கார்புரேட்டர் வண்டி. ஹெட் கேஸ்கெட் (என்ஜின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வெக்கற சீல் தகடு) நிக்கவே மாட்டேங்குது. மாத்தினா கொஞ்ச மாசம் ஜம்முனு ஓடுது, அப்புறம் மெல்ல ரேடியேட்டர் தண்ணி கொறையும், காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளப் பொகை, மூணுல ஒரு சிலிண்டர் அடிக்காம வண்டி தடதடன்னு ஆடிட்டு அப்புறம் சரியாயிடும். ஆயில் சுத்தமா தான் இருக்கு, பால் கலந்த மாதிரி எல்லாம் இல்ல. போன தடவ மெக்கானிக் ஒரிஜினல் கேஸ்கெட்டே போட்ரலாம்னாரு, அதுவும் போச்சு. கழட்டினத தூக்கிப் போடாம வெச்சிருக்கேன், எல்லாத்துலயும் ஒரே எடத்துல தான் அடி, மூணாவது சிலிண்டர் ஸ்டீல் வளையத்துக்கும் பக்கத்து தண்ணி ஓட்டைக்கும் நடுவுல கருகி நூலா கோடு போயிருக்கு. ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணி தான் ஊத்துறோம். யாராச்சும் வழி சொல்லுங்கப்பா.

காட்பாடி_ஜங்ஷன்:
தெர்மோஸ்டாட்ட (என்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு வுடாத வால்வு) கழட்டி வீசிடு தலைவா, நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு.

ராணிப்பேட்டை_லேத்து:
மேல சொன்னத தயவுசெஞ்சு கேக்காதீங்க. தெர்மோஸ்டாட் இல்லன்னா என்ஜின் சரியா சூடு புடிக்காம பெட்ரோல் குடிக்கும், உங்க நோயும் போகாது. சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு பாத்தரத்துல தண்ணி வெச்சு கொதிக்க வுட்டுப் பாருங்க, எத்தன டிகிரில தொறக்கணும்னு அது மேலயே குத்தியிருக்கும், பெரும்பாலும் 82 இல்ல 88. தொறந்தா நல்லது தான், திரும்ப மாட்டிடுங்க.

கேஸ்கெட் ஒரே எடத்துல போகுதுன்னா கேஸ்கெட் மேல பழி போடக் கூடாது. இந்த வண்டில ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. ஒரு தடவ நல்லா ஹீட் ஆச்சுன்னா ஹெட் வளையும், வளைஞ்ச ஹெட்ட அப்படியே புது கேஸ்கெட் வெச்சு இறுக்கினா பாக்க நல்லா தான் இருக்கும், கொஞ்ச நாள் ஓடவும் ஓடும். உங்க மெக்கானிக் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (வளையாத நேர் பட்டை) வெச்சு அது அடியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு பிளேடு) வுட்டுப் பாத்தாரா? நீளத்துல, குறுக்கால, மூலைக்கு மூலைன்னு எல்லா பக்கமும் பாக்கணும். 0.05 மி.மீ. பிளேடு உள்ள நுழைஞ்சுதுன்னா லேத்துல குடுத்து ஃபேஸிங் (மட்டமா சீவறது) பண்ணியே ஆவணும். பிளாக் மேல்பக்கத்தயும் அதே மாதிரி பாக்கணும், அத முக்காவாசி பேரு பாக்குறதே கிடையாது. உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு ஃபேஸிங் பண்ணிட்டேன்னு சொல்ற ஆளுங்க நம்ம பக்கம் நெறய கீறாங்க, உஷார்.

ஆனா ஒண்ணு, வளைஞ்சது ஹீட்டால. ஹீட் எதனாலன்னு கண்டுபிடிக்கலன்னா ஃபேஸிங் பண்ணியும் திரும்ப இங்க தான் வருவீங்க. டெம்பரேச்சர் முள்ளு எப்ப ஏறுது, டிராஃபிக்லயா ஹைவேலயா?

குடியாத்தம்800:
இல்லண்ணா ஸ்ட்ரெய்ட் எட்ஜ்லாம் வெக்கல, சுரண்டி தொடச்சிட்டு மாட்டினாரு. டிராஃபிக்ல ஒண்ணும் ஆவல, கிரீன் சர்க்கிள்ல எவ்ளோ நேரம் நின்னாலும் ஃபேன் ஓடி முள்ளு எறங்கிடுது. வேலூர்லேந்து வாணியம்பாடிக்கு அக்கா வீட்டுக்குப் போறப்ப பள்ளிகொண்டா டோல் தாண்டி 80ல புடிச்சா ஆம்பூர் வர்றதுக்குள்ள ஏறிடுது. ஏலகிரி பக்கம் போறதயே வுட்டுட்டோம், அந்த 14 வளைவு இந்த வண்டிக்கு ஆவாது.

பழைய_அம்பாசிடர்:
தம்பி, நின்னா ஏறி ஓடினா எறங்குதுன்னா ஃபேன், இல்லனா அந்த ஃபேன் சுவிட்ச். உனக்கு அப்படியே உல்டா. ஓடுறப்ப காத்து தானா அடிக்குது, அப்பவும் ஏறுதுன்னா தண்ணி ஓட்டம் பத்தல. நீயே போர் தண்ணின்னு எழுதியிருக்க, நம்ம பாலாத்தங்கரை போர் தண்ணிய பத்தி சொல்லணுமா, வென்னீர் அண்டால படியற அதே வெள்ள உப்பு தான் ரேடியேட்டர் குழாய்லயும் பிளாக்குக்குள்ளயும் படியுது.

வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தி, சாவிய எடுத்துட்டு ஃபேன் ஒயரயும் கழட்டிட்டு, ரேடியேட்டர் மேல கைய அங்கங்க வெச்சுப் பாரு, சுடும், பாத்து வை. சில எடம் மட்டும் ஆறிக் கெடந்தா அங்க அடைப்பு. கேப்ப மட்டும் சூட்டுல தொறந்துடாத. அந்த கேப்பயும் மாத்து, வெல கம்மி தான். 0.9 பார் அளவுக்கு அது அழுத்தம் புடிச்சா தண்ணி 118 டிகிரி கிட்ட போனா தான் கொதிக்கும், ஸ்பிரிங் லூசானா 100லயே கொதிச்சு வெளிய தள்ளிடும். ஆக்ஸிலரேட்டர் குடுக்கறப்ப கீழ் ஓஸ் உள்ள ஒட்டிக்குதான்னும் ஒருத்தர நிக்க வெச்சு பாரு, பழைய ஓஸ் அப்படி பண்ணும்.

குடியாத்தம்800:
பாத்துட்டேன் சார். கீழ் பாதில வலப்பக்கம் பூரா ஆறிப் போய் இருக்கு, மேல கை வெக்க முடியல. ஓஸ் ஓகே. ரேடியேட்டர் கடைல கழட்டி மூடிய தொறந்தா குழாய் வாய்லாம் வெள்ளையா அடைச்சிட்டு, கீழ டேங்க்ல துரு சேறு. பித்தள ரேடியேட்டர் தான், ராடு வுட்டு கிளீன் பண்ணலாம்ன்றாங்க. ஹெட்டயும் லேத்துல பாத்தாச்சு, மூணாவது சிலிண்டர் பக்கம் 0.10 பிளேடு தாராளமா போகுது. பிளாக் சரியா இருக்கு.

ராணிப்பேட்டை_லேத்து:
அப்ப தெரிஞ்சு போச்சு, ரேடியேட்டர் அடைச்சு ஹீட் ஆச்சு, ஹீட்டால ஹெட் வளைஞ்சுது, அதனால தான் கேஸ்கெட் அங்கயே போகுது. பித்தளன்னா ராடு வுடலாம், பிளாஸ்டிக் டேங்க் வெச்ச அலுமினியம்னா மாத்த சொல்லியிருப்பேன். பிளாக்கயும் ஃப்ளஷ் பண்ண சொல்லுங்க, ரேடியேட்டர் மட்டும் சுத்தம் பண்ணா பிளாக்ல இருக்கற துரு வந்து திரும்ப அடைக்கும். வெல்ஷ் பிளக் (பிளாக் பக்கத்து ஓட்டைய அடைக்கற தகடு மூடி) அரிச்சிருந்தா இப்பவே மாத்திடுங்க.

மாட்டறப்ப ஹெட் போல்ட் ஓட்டைல தண்ணியோ ஆயிலோ தேங்கி நிக்கக் கூடாது, காத்தடிச்சு காய வுடணும். இல்லன்னா டார்க் ரெஞ்ச் (அளவு வெச்சு இறுக்கற ஸ்பானர்) கிளிக்னு சொல்லும் ஆனா ஹெட் இறுகியே இருக்காது. நடுவுல ஆரம்பிச்சு வெளிய வெளிய, மூணு தவணையா, மேனுவல்ல இருக்கற அளவுக்கு. கை கணக்குலாம் வேணாம்னு கூடவே நின்னு சொல்லுங்க, கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும். அப்புறம் போர் தண்ணிய மறந்துடுங்க, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

பழைய_அம்பாசிடர்:
மாட்டினப்புறம் கொஞ்ச நாளைக்கு காலைல வண்டி ஆறியிருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி மேல் ஓஸ அமுக்கிப் பாரு. சூடே ஏறாம உடனே கல்லு மாதிரி ஆச்சுன்னா சிலிண்டர்ல எரியற கேஸ் இன்னும் தண்ணிக்குள்ள போகுதுன்னு அர்த்தம், ஓட்டாம நேரா லேத்துக்கு எடுத்துட்டுப் போ.