சேம்பர் இசைத் தொடரை நீர்க்கரை அரங்குக்கு மாற்றுவது சரியா?

கேள்வி (பனிக்கரை)

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். இங்கே பல ஆண்டுகளாக ஒரு பழைய மரத் தேவாலயத்தில் சேம்பர் இசைக் கச்சேரிகள் (சில பேர் மட்டும் கூடி வாசிக்கும் மேற்கத்திய இசை) நடந்து வருகின்றன. நாற்காலி எடுத்துப் போடும் தொண்டனாகச் சேர்ந்த என்னை இப்போது நிர்வாகக் குழுவிலும் உட்கார வைத்துவிட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து அரங்கமாக்குகிறார்கள். அடுத்த பருவத்திலிருந்து எங்கள் தொடரை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அழைப்பு வந்திருக்கிறது. மேடைக்குப் பின்னால் முழுவதும் கண்ணாடி, அதற்கு அப்பால் கடல்.

குழுவில் பாதிப் பேர் படத்தைப் பார்த்தவுடனேயே சம்மதித்துவிட்டார்கள். மீதிப் பேர், படகைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பாட்டை எப்படிக் கேட்பார்கள் என்கிறார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய தாழ்சுர வாத்தியம்) வாசிப்பவர் மூச்சிழுப்பது கேட்கிற இடத்தை விட்டுப் போக எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் தேவாலயத்தில் குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றாமல்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. இப்படி இடம் மாறிய தொடர்களை நேரில் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (வடமுனை ரயில்)

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு நேரடியான முன்னுதாரணம் இருக்கிறதே. ராக்போர்ட் சேம்பர் இசை விழா 1981-இல் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஊர்க் கலைச் சங்கத்தின் ஓவியக் கூடத்தில் நடந்தது. 2010 ஜூன் மாதம் ஷாலின் லியூ அரங்கம் திறக்கப்பட்டதும் அங்கே மாறியது. மாறிய தூரம் என்று பார்த்தால், அதே மெயின் ஸ்ட்ரீட்டில் சில கட்டிடங்கள் தள்ளித்தான். இருக்கைகள் ஏறத்தாழ 330. மேடைக்குப் பின்னால் நீங்கள் சொல்வதைப் போலவே உயரமான கண்ணாடிச் சுவர், அதன்வழியே சாண்டி விரிகுடா.

கோடையில் பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலேறி நாலைந்து முறை போயிருக்கிறேன். முதல் முறை, ஒத்துக்கொள்கிறேன், முதல் பத்து நிமிடம் இசையே காதில் விழவில்லை. நண்டுக் கூண்டு ஏற்றிய படகு ஒன்று முதல் வயலினின் தோளுக்குப் பின்னால் நுழைந்து வயோலாவின் தோளுக்குப் பின்னால் மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளிச்சம் மங்க மங்க, கண்ணாடி மெல்ல இருண்டு, மேடை விளக்கில் வாசிப்பவர்களின் முதுகே அதில் தெரியத் தொடங்கியது. மெதுவான பகுதி வந்தபோது அரங்கில் கடல் என்ற ஒன்றே இல்லை. அந்த விரிகுடா ஊருக்கு வடகிழக்கே இருப்பதால் மாலை வெயில் கண்ணில் குத்தவில்லை என்பதும் முக்கியம். உங்கள் கண்ணாடி மேற்கே பார்த்திருந்தால் கதை வேறு. ஜூன் மாதத்தில் இரவு எட்டு மணிவரை முதல் ஐந்து வரிசைக்காரர்கள் கண்ணைக் கைகொண்டு மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

படகைவிட நீங்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. கட்டிடம் சொந்தமானால் அதற்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும். ராக்போர்ட்டில் கோடை விழாவாக இருந்தது இன்று ஜாஸ், நாட்டார் இசை, திரையிடல் என்று பன்னிரண்டு மாத அமைப்பாகிவிட்டது. எனக்கு அதில் குறையில்லை, ஆனால் உங்கள் குழு அதற்குத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (அரைச்சுருதி)

நான் கர்நாடக வயலின் வாசிப்பவன். அரங்க ஒலியமைப்பில் கொஞ்சம் வேலை பார்த்த அனுபவமும் உண்டு. காட்சியைப் பற்றிய விவாதத்தை ஒதுக்கிவிட்டுச் சில கேள்விகளைக் கேட்கச் சொல்வேன்.

கண்ணாடி உயர்ந்த சுரங்களை அப்படியே திருப்பி அனுப்பும். ஆனால் மெல்லிய கண்ணாடியாக இருந்தால் தானும் சேர்ந்து அதிர்ந்து, கீழ் சுரங்களை விழுங்கிவிடும். வயலின் கூர்மையாகக் கேட்கும், செல்லோ மட்டும் எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதைப் போல இருக்கும். ஆகவே எத்தனை மில்லிமீட்டர் தடிமன், ஒற்றைப் பலகையா, இடையில் படலம் வைத்து ஒட்டியதா என்று கேளுங்கள். மேடைக்கு எதிரே பின்சுவரும் தட்டையாக, கண்ணாடிக்கு நேர் இணையாக இருந்தால் கைதட்டும்போது படபடவென்று திரும்பி வரும் எதிரொலி எழும். காலி அரங்கில் நின்று ஒரு முறை கைதட்டினாலே தெரிந்துவிடும். ஆனால் காலி அரங்கை வைத்து மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் கம்பளிக் கோட்டுடன் உட்காரும் இருநூறு பேரும் ஒலியை உறிஞ்சுகிறவர்கள். ஆள் நிறைந்த நிலையில் ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் விநாடி வரை ஒலி நின்று அடங்கினால் நால்வர் குழுவுக்கு (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) பொருத்தமாக இருக்கும்.

அலைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கெடுப்பது காற்றுப் பதனக் கருவியின் முனகல்தான்.

அப்புறம் ஈரம். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த மொட்டை மாடியில் ஒருமுறை வாசித்தேன். ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் சுருதி சேர்த்தே அரைக் கச்சேரி போயிற்று, மிருதங்கக்காரர் கல்லும் கையுமாகவே இருந்தார். உங்கள் பியானோ அதைவிடப் பொல்லாதது. ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் யார், எந்தச் செலவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மறுமொழி 3 (ஞாயிறு மாலை)

லண்டனில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. 1887-இல் சவுத் பிளேஸ் என்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சேம்பர் கச்சேரிகள் தொடங்கின. 1929-இல் ரெட் லயன் சதுக்கத்தில் கான்வே ஹால் கட்டப்பட்டதும் அங்கே குடியேறின. 2008-இல் ரீஜென்ட் கால்வாய்க் கரையில் கிங்ஸ் பிளேஸ் என்ற கலை மையம் திறந்தபோது, அந்தக் கச்சேரிகளை நடத்திவந்த லண்டன் சேம்பர் மியூசிக் சொசைட்டி அங்கே மாறிவிட்டது. பழைய மண்டபத்தாரோ சும்மா இருக்கவில்லை, தங்கள் பெயரிலேயே ஞாயிறு கச்சேரிகளைத் தொடர்ந்தார்கள். ஒரே ஊரில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரே கிழமையில் இரண்டு தொடர்கள். எனக்குத் தெரிந்த தம்பதியரில் கணவர் ஒன்றுக்கும் மனைவி மற்றொன்றுக்கும் போனார்கள்.

கிங்ஸ் பிளேஸ் கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது, ஆனால் ஏறத்தாழ 420 இருக்கைகள் கொண்ட முதன்மை அரங்கம் தரைக்குக் கீழே, ஒற்றை ஓக் மரத்திலிருந்து சீவி எடுத்த பலகைத் தோல் போர்த்திய பெட்டியைப் போல இருக்கிறது. வாசிக்கும்போது தண்ணீரின் சுவடே கிடையாது. இடைவேளையில் மேலே ஏறி வந்து படகுகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஹாம்பர்க்கில் 2017-இல் திறந்த எல்பே நதிக்கரை அரங்கத்திலும் இதே ஏற்பாடுதான்: நதியும் துறைமுகமும் 37 மீட்டர் உயரத்து மாடத்திலிருந்து தெரியும், சேம்பர் இசைக்கான 550 இருக்கைச் சிற்றரங்கிலோ அலைபோலக் குடைந்த மரச் சுவர்தான் சுற்றிலும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இப்படித் தனித்தனி இடம் ஒதுக்குவதே எனக்குப் பிடித்திருக்கிறது. ராக்போர்ட்காரர் மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கிளம்பினால் தேவாலயத்தாருடன் பகையில்லாமல் கிளம்புங்கள். தொடரின் பெயர் யாருக்குச் சொந்தம், சந்தாதாரர் பட்டியல் யாருடையது என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள்.

பனிக்கரை

மூவருக்கும் நன்றி. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நேற்றுக் குழுவில் எழுப்பினேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, பழைய கோப்பைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி தென்மேற்கே பார்த்திருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது. முழுத் தொடரையும் மாற்றாமல், அடுத்த பருவத்தில் இரண்டே இரண்டு கச்சேரிகளை, ஒன்று பியானோவுடன், ஒன்று நால்வர் குழுவாக, அங்கே வைத்துப் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்டோபரில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் அந்த மாதத்தைக் கேட்கிறார்கள். நான் ஜூன் மாதத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.