நெய்மர் இன்ஜுரி ப்ரோனா (அடிக்கடி காயப்படற ஒடம்பா), இல்ல அடிச்சு அடிச்சே இப்படி ஆக்கிட்டாங்களா?

பத்தாம்நம்பர்_பித்தன்:

பிரேசில் ஃபுட்பால் ஸ்டார் நெய்மர் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் வந்து "அவனா, தொட்டா ஒடைஞ்சிடுவான், பாதி சீசன் கேலரிலதான் உக்காந்திருப்பான்"னு ஒரே வரில முடிச்சிடறாங்க. என்னால இத ஏத்துக்கவே முடியல. பார்சிலோனால இருந்தப்ப அவரு இப்படி இல்லயே. 2013ல இருந்து 2017 வரைக்கும் நாலு சீசன்ல 186 மேட்ச், 105 கோல். சீசனுக்கு சராசரியா 46 மேட்ச் வருது, ஒரு ஃபார்வர்டு கிட்ட இதுக்கு மேல என்ன கேக்க முடியும்? அதே ஆளு 222 மில்லியன் யூரோவுக்கு பிஎஸ்ஜி (பாரிஸ் கிளப்) போனதுக்கு அப்புறம் ஆறு சீசன்ல மொத்தமே 173 மேட்ச்தான், சீசனுக்கு 29 கூட தேறல. கோல் மட்டும் 118, அதாவது எறங்குன நாள்ல எல்லாம் பழைய நெய்மர்தான், எறங்குன நாள்தான் கொறஞ்சு போச்சு.

ஒடம்பே அப்படின்னா முதல் நாலு வருஷம் எப்படி தாங்குச்சு? அடிதான் காரணம்னா மெஸ்ஸியயும் தான் எல்லாரும் அடிச்சாங்க, அவரு எப்படி தப்பிச்சாரு? மேட்ச் பாத்தவங்க, விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. திட்டறதுக்குன்னே வர்றவங்க தயவுசெஞ்சு வேணாம்.

கோல்போஸ்ட்_காவலன்:

திட்ட வரல ப்ரோ, கணக்கு மட்டும் சொல்றேன். பிஎஸ்ஜில அவரு இருந்த ஆறு சீசன்ல அந்த டீம் ஆடின லீக் மேட்ச் 217 (கொரோனால 2019-20 சீசன் 27 மேட்ச்சோட நின்னு போச்சு, அதையும் சேத்துதான்). நெய்மர் ஆடினது 112. கிட்டத்தட்ட பாதி.

அத விட பெரிய வலி சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவோட பெரிய கிளப் கப்). அவர வாங்குனதே அந்த கப்புக்காகத்தான? 2018ல ரியல் மாட்ரிட் கூட ரெண்டாவது லெக் (ஒரே டீம் கூட ஆடற ரெண்டு மேட்ச்ல ரெண்டாவது) இல்ல. 2019ல மான்செஸ்டர் யுனைடெட் கூட ரெண்டு லெக்கும் இல்ல. 2021ல பார்சிலோனா கூட ரெண்டும் இல்ல. 2023ல பயர்ன் கூட ரெண்டாவது லெக் இல்ல. ஆறு வருஷத்துல நாலு வருஷம் ரவுண்ட் ஆஃப் 16லயே (16 டீம் மிஞ்சற நாக்-அவுட் சுற்று) ஆளு ஃபுல்லா கிடைக்கல. காரணம் யாரோட தப்பா வேணா இருக்கட்டும், டீம் ஷீட் எழுதற கோச்சுக்கு அந்த பேரு அங்க இல்லைங்கறது மட்டும்தான் தெரியும். என்ன பொறுத்த வரைக்கும் அவரு இன்ஜுரி ப்ரோன்தான், இதுல அவர அவமானப்படுத்த ஒண்ணும் இல்ல.

சாம்பா_காதலி:

கணக்கு சரி, ஆனா ஒவ்வொண்ணும் எப்படி நடந்துச்சுன்னு பாக்காம கூட்டிப் போட்டா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். நான் பிரேசில் மேட்ச் ஒண்ணு விடாம பாக்கறவ, வரிசையா சொல்றேன்.

2014 உலகக்கோப்பை காலிறுதி, ஃபோர்டலேசா, கொலம்பியாவோட சுனிகா பின்னாடி இருந்து எகிறி வந்து முட்டியால முதுகுல இடிச்சாரு, முதுகெலும்புல முறிவு. இதுக்கு எந்த ஒடம்பா இருந்தாலும் ஒடையும். (அதுக்கு அடுத்த மேட்ச்தான் ஜெர்மனி 7-1, அத பத்தி பேச வேணாம்.) 2018 பிப்ரவரி மார்சேய் கூட, ஓடிட்டு இருக்கும்போது வலது கணுக்கால் மடங்கி அஞ்சாவது மெட்டாடார்சல் (பாதத்துல ஒரு எலும்பு) ஒடஞ்சுது, பெலோ ஹொரிசான்ட்டேல ஆபரேஷன், ஜூன் மாசம் வரைக்கும் ஆட்டமே இல்லாம நேரா ரஷ்யா உலகக்கோப்பைக்கு போனாரு. அங்க முதல் மேட்ச்லயே சுவிட்சர்லாந்து அவர 10 தடவ ஃபவுல் பண்ணுச்சு. 1998க்கு அப்புறம் உலகக்கோப்பைல ஒரு மேட்ச்ல ஒரு ஆள அவ்வளவு அடிச்சது அதுதான். இப்பதான் ஆபரேஷன் பண்ணி வந்த கால்! 2019 ஜனவரில ஸ்ட்ராஸ்பர்க் மேட்ச்ல தொரத்தி தொரத்தி உதைச்சதுல அதே எலும்பு திரும்ப போச்சு. அதே வருஷம் ஜூன்ல கத்தார் கூட ஒரு ஃப்ரெண்ட்லி, வலது கணுக்கால் லிகமென்ட் (எலும்புகள இணைக்கற நார்) போச்சு, கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளோட கப்) ஆட முடியல, அந்த கப்ப பிரேசில் அவரு இல்லாமலே ஜெயிச்சுது.

அப்புறம் 2022 கத்தார் உலகக்கோப்பை, செர்பியா மேட்ச். 9 ஃபவுல். கடைசி அடில கணுக்கால் போச்சு, ஆனா உடனே வெளிய வரல, வலியோடவே கொஞ்ச நேரம் ஆடிட்டுதான் வந்தாரு. பெஞ்ச்ல ஜெர்சிய தூக்கி மொகத்த மூடிக்கிட்டு அழுதாரு, எழுந்து நடக்கும்போது கேமரா காலுக்கு போச்சு, ஷூவுக்கு மேல கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீங்கி இருந்துச்சு. அந்த கால வச்சுக்கிட்டு 11 நாள்ல திரும்பி வந்து தென் கொரியா மேல பெனால்டி கோல், குரோஷியா மேல எக்ஸ்ட்ரா டைம்ல அந்த கோல், பிரேசிலுக்கு பெலே அடிச்ச 77 கோல் ரெக்கார்டு சமன். இவர போயி சும்மா நடிக்கிறான்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. தங்கச்சி பிறந்தநாளுக்கு லீவு எடுக்க இன்ஜுரி சொல்றாருன்னு வருஷா வருஷம் ஒரு கத வேற, ஒடஞ்ச எலும்பும் வீங்கின காலும் காலண்டர் பாத்தா வருது?

நடுக்கள_வீரன்:

சிஸ்டர் சொன்ன லிஸ்ட்ல ஒண்ணு கவனிங்க, வலது கால், வலது கால், வலது கால். மூலமே அங்கதான் இருக்குன்னு நெனைக்கிறேன்.

அஞ்சாவது மெட்டாடார்சல்னா சுண்டு விரலுக்கு நேரா, பாதத்தோட வெளி ஓரமா போற எலும்பு. ஓடிட்டு இருக்கும்போதே சடார்னு தெச மாத்துறப்ப ஒடம்பு வெயிட் மொத்தமும் அந்த ஓரத்துலதான் எறங்கும், நெய்மர் ஆட்டமே அந்த தெச மாத்தறதுலதான் இருக்கு. அந்த எலும்புல ஒரு எடத்துக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதனால மெதுவாதான் ஆறும், ஆறினதுக்கு அப்புறமும் திரும்ப விரிசல் விடற சான்ஸ் மத்த எலும்ப விட ஜாஸ்தி. கணுக்காலும் இதே கததான், ஒரு தடவ லிகமென்ட் நல்லா இழுத்துக்கிச்சுன்னா பழைய இறுக்கம் முழுசா வராது, கால் எங்க எப்படி வச்சிருக்கோம்னு மூளைக்கு சொல்ற அந்த உணர்வும் மந்தமாகும், அடுத்த தடவ சின்ன மடங்கலே பெரிய அடியாகும். 2023 பிப்ரவரில லீல் மேட்ச்ல மறுபடியும் வலது கணுக்கால்தான் மடங்குச்சு, ஸ்ட்ரெச்சர்ல போனாரு, அதுக்கு அப்புறம் தோஹால லிகமென்ட் ஆபரேஷன், அதோட பிஎஸ்ஜி கணக்கே முடிஞ்சுது.

அதனால கோல்போஸ்ட் ப்ரோவும் சரி, சிஸ்டரும் சரிதான். முதல் அடிக்கு அவரு பொறுப்பில்ல. ஆனா 2018க்கு அப்புறம் அந்த வலது கால் பழைய கால் இல்ல, அத தாங்கித் தாங்கி ஓடறப்ப மத்த பக்கமும் லோடு ஏறும். 2021 பிப்ரவரில கான் மேட்ச்ல எடது தொடை அடக்டர் (உள்பக்க தசை), அதே வருஷ கடைசில சான்டெட்டியன் மேட்ச்ல எடது கணுக்கால். நேரடியா இதனாலதான் அதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கால் இன்ஜுரி அதிகம் ஆனவங்களுக்கு இப்படி பக்கம் மாறி மாறி வர்றது வழக்கம்தான்.

ஸ்டாப்பேஜ்_டைம்:

மெஸ்ஸி எப்படி தப்பிச்சாருன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. மெஸ்ஸியும் ஆரம்பத்துல தப்பிக்கல. 2006ல இருந்து 2008 வரைக்கும் தொடை தசை திரும்பத் திரும்ப போச்சு, 2008 மார்ச்ல செல்டிக் மேட்ச்ல அழுதுக்கிட்டே வெளிய போனாரு. அப்ப அவரையும் இன்ஜுரி ப்ரோன்னுதான் எழுதினாங்க. சாப்பாடு, பிசியோ, ட்ரெய்னிங் எல்லாத்தையும் மாத்தி சரி பண்ணாங்க, கூடவே அவரு ஓடறதயே கொறச்சுக்கிட்டாரு, நடந்துக்கிட்டே ஆடத் தொடங்கிட்டாரு. ஒல்லியா இருக்கற எல்லாரும் ஒடைவாங்கன்னு இல்லங்கறதுக்காக சொல்றேன். டெம்பெலேவயும் பாருங்க, பார்சிலோனால ஹாம்ஸ்ட்ரிங் ஹாம்ஸ்ட்ரிங்னே (பின்தொடை தசை) போச்சு, முடிஞ்சான்னு எல்லாரும் எழுதிட்டாங்க, 2025ல பாலோன் டோர் (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிட்டாரு.

ஆனா ஆடற விதத்துல ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மெஸ்ஸி ஆள் நெருங்கறதுக்கு முன்னாடியே பந்த விட்டுடுவாரு, இல்ல தாண்டிடுவாரு. நெய்மர் வேணும்னே நிப்பாரு, பந்த உள்ளங்கால்ல வச்சுக்கிட்டு "வா"ன்னு கூப்பிடுவாரு, டிஃபென்டர் கால் நீட்டுன அப்புறம்தான் இழுப்பாரு. அழகே அதுதான், அடி விழற எடமும் அதுதான். பார்சிலோனால இது ஓடுச்சு, ஏன்னா அவரு எடது ஓரம், மெஸ்ஸி சுவாரஸ் ரெண்டு பேரையும் பாக்கவே எதிர் டீமுக்கு ஆள் பத்தாது. பிஎஸ்ஜிக்கு வந்ததும் நடுவுல எறங்கி வந்து, முதுக காட்டிக்கிட்டு பந்து வாங்கி, டீம் மொத்தத்தையும் ஓட்டற வேல. நாலு பக்கமும் ஆள். கேள்வி கேட்டவரு சொன்ன 46ல இருந்து 29க்கு ஒரு முக்கிய காரணம் இந்த எட மாத்தம்தான்னு உறுதியா நம்பறேன்.

அப்புறம் அடி விழுந்ததும் அவரு தரைல உருளறது. 2018ல ஊரே சிரிச்சுது. கொஞ்சம் ஓவர்தான், மறுக்கல. ஆனா அடி வரும்போது கால தரைல ஊனி வச்சிருந்தா மொத்த வேகத்தையும் முட்டியும் கணுக்காலும் வாங்கும். கால தூக்கிட்டு பறந்துட்டா அடி அவ்வளவா ஏறாது. சின்ன வயசுல இருந்து தன்ன விட பெரிய ஆளுங்க கூட ஆடினவங்க நெறைய பேருக்கு இந்த பழக்கம் உண்டு. அது ஏமாத்து வேல மட்டும் இல்ல, ஒடம்ப காப்பாத்திக்கற வேலயும் கூட.

பத்தாம்நம்பர்_பித்தன்:

எட மாத்தம் பத்தி சொன்னது செம, நான் அந்த கோணத்துல யோசிக்கல. செர்பியா மேட்ச் படிக்கறப்ப கண்ணு கலங்கிடுச்சு.

இன்னொரு சந்தேகம். 2023க்கு அப்புறம் நடந்தத எப்படி பாக்கறீங்க? சவுதி கிளப் அல் ஹிலால் போனாரு, ஒன்றரை வருஷத்துல 7 மேட்ச். இங்கயும் அடிச்சாங்கன்னு சொல்ல முடியுமா? பெல்ஜியம் ஆட்டக்காரர் ஹசார்டும் இப்படித்தான போனாரு, செல்சில ஏழு சீசன்ல 352 மேட்ச், மாட்ரிட் வந்து நாலு சீசன்ல 76.

நடுக்கள_வீரன்:

ஹசார்டுக்கும் ஆரம்பம் ஒரு அடிதான், 2019 நவம்பர்ல பிஎஸ்ஜி கூட மியூனியே போட்ட டாக்கிள், கணுக்கால். அதுக்கு அப்புறம் வரிசையா வந்துச்சு, 2023ல 32 வயசுல ரிட்டயர்மென்ட்டே சொல்லிட்டாரு.

நெய்மர் 2023க்கு அப்புறம் வேற கத, இத நேர்மையா சொல்லணும். அக்டோபர் 17, மான்டிவிடியோ, உருகுவே மேட்ச், எடது முட்டில ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்கற முக்கிய லிகமென்ட்) போச்சு, கூடவே மெனிஸ்கஸ் (முட்டி எலும்புக்கு நடுவுல இருக்கற குருத்தெலும்பு). வயசு 31. ஒரு வருஷம் கழிச்சு 2024 அக்டோபர்ல வந்தாரு, ரெண்டாவது மேட்ச்லயே எஸ்தெக்லால் கூட ஆடறப்ப ஹாம்ஸ்ட்ரிங். யாரும் அடிக்கல, ஓடறப்பவே போச்சு. தன்னோட பழைய பிரேசில் கிளப் சான்டோஸுக்கு திரும்பினாரு, 2025 ஏப்ரல்ல அட்லெட்டிகோ மினேரோ மேட்ச்ல எடது தொடைய பிடிச்சுக்கிட்டு அழுதுட்டே வெளிய வந்தாரு, அப்புறம் செப்டம்பர்ல வலது தொடை. இதெல்லாம் தசை இன்ஜுரி. ஒரு வருஷம் ஆடாம இருந்த தசைக்கு மேட்ச் வேகம் திடீர்னு வந்தா தாங்காது, ஒரு தடவ கிழிஞ்ச தசை மறுபடி கிழியறதுக்கு பழைய கிழிசலே பெரிய காரணம், வயசு வேற சேந்துக்கிச்சு. பார்சிலோனா நெய்மர அப்படி சொன்னா தப்பு, பாரிஸ் நெய்மர்னா பாதி சரி, ஏசிஎல்லுக்கு அப்புறம் வந்தவர இன்ஜுரி ப்ரோன்னு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கோல்போஸ்ட்_காவலன்:

இத ஒத்துக்கறேன். எனக்கு கோவம் அவரு மேல இல்ல, கால் பாதிதான் ஆறியிருக்கும்போதே எறக்கி விடறவங்க மேல. மூணு மாசம் ஆட்டம் இல்லாத ஆள கொண்டு போய் உலகக்கோப்பைல 10 ஃபவுல் வாங்க வச்சாங்க. டிக்கெட், டிவி, ஸ்பான்சர் எல்லாம் அந்த ஒரு பேர வச்சுதான் ஓடுதுன்னா "இன்னும் நாலு வாரம் வேணும்"னு டாக்டர் சொன்னா யாரு கேப்பா?

சாம்பா_காதலி:

அவரே கேக்க மாட்டாரு ப்ரோ, அதுவும் உண்மை. 2025 கடைசில சான்டோஸ் இரண்டாம் டிவிஷனுக்கு போற நெலம, எடது முட்டி மெனிஸ்கஸ் சரியில்ல, ரெஸ்ட் எடுன்னா எடுத்திருக்கலாம். எறங்கி ஜுவென்டுடே மேல ஹாட்ரிக் அடிச்சாரு, சான்டோஸ் தப்பிச்சுது, சீசன் முடிஞ்சதும்தான் முட்டிக்கு ஆபரேஷன். இப்படி ஆடினா சீக்கிரம் தேயும்னு எனக்கும் தெரியும், ஆனா தன்ன வளத்த கிளப் கீழ போகறத பாத்துட்டு உக்காந்திருன்னு அவர்கிட்ட போய் சொல்ல எனக்கு மனசு வராது.