சோதனை பச்சை காட்டியது, கணக்கு தவறாக இருந்தது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கார்முகில்:

எட்டு மாதங்களுக்கு முன் நடந்தது இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் இதைத் தொடங்குகிறேன். எங்கள் பாய்ம இயக்க நிரலுக்கு (நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைக் கணக்கிடுவது) ஒவ்வோர் இரவும் 212 சோதனைகள் தாமாகவே ஓடும். காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் பச்சையாக இருக்கும். ஒரு நாள் உடன் பணிபுரிபவர் ஒருவர், அழுத்தப் புலத்தைப் படமாக வரைந்தால் வெற்று வெள்ளையாகவே வருகிறது என்றார். வரைபட மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டே முடிவுக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என்ஏஎன், என்ஏஎன், என்ஏஎன். என்ஏஎன் (NaN) என்றால் "இது எண் அல்ல" என்று பொருள். ஓர் எண்கூட இல்லை. முந்தைய இரவு அதே கோப்பை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எங்கள் சோதனை "தேறியது" என்று எழுதியிருந்தது.

காரணம் ஒரே வரியில் இருந்தது. "வித்தியாசம் டாலரன்ஸைவிடப் பெரிதானால் தோல்வி" என்று எழுதியிருந்தோம். டாலரன்ஸ் என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசத்தின் எல்லை. கணினியில் தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 விதிப்படி என்ஏஎன் மதிப்பை எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் "பெரிதா, சிறிதா, சமமா" என்று கேட்டாலும் பதில் "இல்லை" என்பதுதான். ஆகவே தோல்விக்கான கிளைக்குள் நிரல் நுழையவே இல்லை. நிபந்தனையைத் திருப்பி, "வித்தியாசம் டாலரன்ஸுக்குள் இருந்தால் மட்டுமே தேர்ச்சி" என்று மாற்றினேன். பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் உடனே சிவப்பு வந்தது. ஆனால் வேகத்துக்காக உகப்பாக்கிய பில்டில் மறுபடியும் பச்சை. கணக்கை வேகமாக்கும் ஃபாஸ்ட்-மேத் என்னும் விருப்பத்தைக் கொடுத்தால் என்ஏஎன் எங்கும் வராது என்று நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு நாமே உறுதி கொடுத்தவர்கள் ஆகிறோம். அந்த உறுதியை நம்பி அது நான் திருப்பிப் போட்ட நிபந்தனையைப் பழைய வடிவத்துக்கே கொண்டுபோயிருந்தது. கம்பைலர் தந்த அசெம்பிளி வெளியீட்டில் அதைக் கண்ணால் கண்டபோது உடம்பு சில்லிட்டது.

இப்போது ஒப்பிடும் நிரலை மட்டும் அந்த விருப்பம் இல்லாமல் தனியாகக் கம்பைல் செய்கிறோம். வேண்டுமென்றே என்ஏஎன்னைக் கொடுத்து, ஒப்பீடு தோற்கிறதா என்று பார்ப்பதே எங்கள் முதல் சோதனை. இது போன்றது வேறு யாருக்கேனும் நேர்ந்திருக்கிறதா?

இளவேனில்:

எனக்கு நேர்ந்தது மறுதொடக்கச் சோதனையில். 20 காலப்படிகளை ஒரே மூச்சில் ஓட்டியதும், 10 படிகள் ஓட்டி நிறுத்திச் சேமித்த கோப்பிலிருந்து மீண்டும் 10 படிகள் ஓட்டியதும் ஒரே விடையைத் தர வேண்டும். எங்கள் சோதனை லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை அனுமதித்தது, எப்போதும் தேறியது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீண்ட ஓட்டம் ஒன்று கணினி மையத்தின் நேர வரம்புக்காக ஆறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஆற்றல் வரைகோட்டில் ஆறு துண்டுகளும் சேரும் ஐந்து இடங்களிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு சிறு முனை எழுந்து அடங்கியிருந்தது. ஐந்தும் ஒரே வடிவம். நாங்கள் பயன்படுத்திய கால முறைக்கு முந்தைய படியின் மதிப்பும் தேவை, மறுதொடக்கக் கோப்பிலோ நடப்புப் படியின் மதிப்பு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. முந்தைய மதிப்பு கிடைக்காதபோது நிரல் எச்சரிக்கை எதுவும் இன்றி, துல்லியம் குறைந்த எளிய முறையில் முதல் படியை எடுத்துவைத்துக்கொண்டு தொடர்ந்திருக்கிறது. இரண்டு விடைகளும் ஆறாம் இலக்கத்தில்தான் பிரிந்தன என்பதால் சோதனையின் கண்ணுக்கு அது படவில்லை.

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலைக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதிலாக அச்சுத்தாளில் இருந்த 0.506 என்பதை உள்ளிட்டார் என்பதும், சிறிது நேரத்தில் இரு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் போயின என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். அவர் செய்ததும் மறுதொடக்கம்தான். அதை அறிந்திருந்தும் என் சோதனையில் டாலரன்ஸ் வைத்திருந்தேன். மறுதொடக்கச் சோதனையில் டாலரன்ஸ் பூஜ்யம், பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும் என்பதே இப்போது எங்கள் குழுவின் விதி.

நெடுங்கிள்ளி:

இளவேனில் அவர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் எங்கள் குழுவின் ஒரு வாரத்தை விழுங்கியது. புதிய கணினிக்கு மாறிய அன்று 87 சோதனைகள் ஒன்றாகத் தோற்றன. பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்து விடையை ஒரே ஒரு முறை தோராயமாக்கும் எஃப்எம்ஏ கட்டளையைக் கம்பைலர் அங்கே பயன்படுத்தியிருந்தது, கடைசி இலக்கம் மாறியது, அவ்வளவுதான். பிழை எதுவும் இல்லை.

மிதவைப் புள்ளிக் கூட்டலில், அதாவது கணினி தசம எண்களைக் கூட்டும்போது, வரிசை மாறினால் விடை மாறும். 0.1ஐயும் 0.2ஐயும் முதலில் கூட்டிப் பிறகு 0.3ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2ஐயும் 0.3ஐயும் முதலில் கூட்டி 0.1ஐச் சேர்த்தால் 0.6 வரும். நான்கு ரேங்குகளில் (கணக்கைப் பங்கிட்டு ஒருங்கே ஓடும் நிரல் பிரதிகளில்) ஆல்-ரெட்யூஸ் (எல்லா ரேங்குகளின் எண்களையும் ஒன்றாகக் கூட்டுதல்) செய்வதற்கும் எட்டு ரேங்குகளில் செய்வதற்கும் இடையே நடப்பது இதுதான்.

ஆகவே எல்லாருக்கும் சில யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன். டாலரன்ஸைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். கணக்கில் எத்தனை கூட்டல்கள் நடக்கின்றன, அணியின் நிலைத்தன்மை எப்படி என்று பார்த்து வையுங்கள். சார்பு வித்தியாசத்தை (எண்ணின் அளவோடு ஒப்பிட்ட விகிதத்தை) மட்டும் நம்பினால் பூஜ்யத்துக்கு அருகில் மாட்டிக்கொள்வீர்கள்: பைதான் மொழியின் எண்கணிதத் தொகுப்பான நம்பையில் உள்ள அசெர்ட்-ஆல்குளோஸ் ஒப்பீடு இயல்பாகக் கோடியில் ஒரு பங்கு சார்பு வித்தியாசத்தை ஏற்கும், ஆனால் விகிதம் பார்க்காத தனி வித்தியாசத்துக்கான எல்லை அதில் பூஜ்யம், எதிர்பார்த்த மதிப்பு பூஜ்யமாக இருந்து எவ்வளவு நுண்ணிய எண் வந்தாலும் அது தோற்கும். சோதனைகளை 2, 4, 8 ரேங்குகளில் மட்டும் ஓட்டாதீர்கள். 3, 5, 7 ஆகியவற்றிலும் ஓட்டுங்கள், ஏனென்றால் 64 புள்ளிகளை எட்டாகப் பிரித்தால் மீதி வராது, மீதியைக் கையாளும் நிரல் ஒருநாளும் ஓடாமலே கிடக்கும். நிறை, உந்தம் போன்ற மாறாத அளவுகள் மாறாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சேமித்து வைத்த பழைய எண்களோடு ஒப்பிடுவதைவிட அது பல மடங்கு உறுதியான சோதனை. பழைய எண்களே தவறாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பாமகள்:

என்னுடையது சிறியது. ஓட்டத்தின் வெளியீட்டைத் திரையிலும் கோப்பிலும் ஒருங்கே பெறுவதற்காக நிரலைப் பல ரேங்குகளில் ஓட்டும் எம்பிஐ-ரன் கட்டளையின் வெளியீட்டை டீ கட்டளைக்குள் பைப் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக்கும் இணைப்பு) வழியாகச் செலுத்தியிருந்தேன். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் வெளியேற்ற மதிப்பைத்தான் ஷெல் திருப்பித் தரும் என்பதையும், டீ கட்டளை ஏறக்குறைய எப்போதும் பூஜ்யத்தையே, அதாவது "வெற்றி" என்பதையே, தரும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. நினைவகம் போதாமல் நிரல் நடுவில் கொல்லப்பட்டிருக்கிறது. பதிவுக் கோப்பின் கடைசி வரி "படி 37, எச்சம் 4." என்று புள்ளியோடு அறுந்து நின்றது. புள்ளிக்குப் பின் எதுவும் இல்லை. சோதனைப் பலகையில் அதற்கு நேரே பச்சைக் குறி இருந்தது. அந்த அறுந்த வரியை இன்றும் படமெடுத்து வைத்திருக்கிறேன். இப்போது எல்லா ஸ்கிரிப்டுகளிலும் முதல் வரியிலேயே, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயிலை இட்டுவிடுகிறேன். "ஓட்டம் முழுமையாக முடிந்தது" என்று நிரல் எழுதும் இறுதி வரி கோப்பில் இருக்கிறதா என்றும் தனியே பார்க்கிறேன்.

இளவேனில்:

நெடுங்கிள்ளி அவர்களே, நான் எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வேறு கணினி, வேறு கம்பைலர், வேறு ரேங்க் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இடையே பிட் ஒற்றுமை வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஒரே கணினியில், ஒரே இயங்கு கோப்பை, அதே எண்ணிக்கையிலான ரேங்குகளில் ஓட்டிவிட்டு இடையில் நிறுத்தித் தொடங்கினால் விடை ஏன் மாற வேண்டும்? மாறினால், சேமிக்க வேண்டிய ஒன்று சேமிக்கப்படவில்லை, அல்லது கணக்கின் வரிசையே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. ஜிபியூவில் (வரைகலைச் செயலியில்) அணுநிலைக் கூட்டல்களை, அதாவது வந்த வரிசையில் ஒரே இடத்தில் சேர்க்கும் கூட்டல்களைப் பயன்படுத்துவோருக்கு இரண்டாவது நேரும் என்பது உண்மைதான். அவர்களும் சோதனைக்கென்று வரிசை மாறாத கூட்டல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியை முழு மனத்தோடு வழிமொழிகிறேன். பழைய எண்களே தவறாக இருக்கலாம் என்பதால்தான் நாங்கள் விடை முன்பே தெரிந்த ஒரு சார்பை எடுத்து, அதற்கேற்ற மூல உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்து ஓட்டுகிறோம். இரண்டாம் வரிசை முறையானால் கட்டவலையின் இடைவெளியைப் பாதியாக்கும்போது பிழை கால்பங்காக இறங்க வேண்டும். ஒருமுறை அது பாதிக்கு மட்டுமே இறங்கியது. எல்லைப் புள்ளிகளில் மட்டும் முதல் வரிசைச் சூத்திரம் எழுதப்பட்டிருந்ததை அப்படித்தான் கண்டோம். எந்த டாலரன்ஸாலும் அதைக் காட்டியிருக்க முடியாது.

செழியன்:

எங்கள் சோதனைகள் எல்லாம் பக்கத்துக்கு 32 அல்லது 64 புள்ளிகள் கொண்ட கனசதுரங்களில்தான் ஓடின, சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. உண்மையான ஓட்டம் வரிசையில் இரண்டு நாள் காத்திருந்து, தொடங்கிய நாலாவது நொடியில் விழுந்தது. பதிவுக் கோப்பில் குறியீட்டெண் என்ற இடத்தில் குறை எண் ஒன்று அச்சாகியிருந்தது. 32 பிட் குறியுடைய முழு எண் 2,14,74,83,647 வரைதான் போகும். பக்கத்துக்கு 1290 புள்ளிகள் என்றால் மொத்தம் 2,14,66,89,000, எல்லைக்குள் அடங்கிவிடும். 1291 என்றால் 2,15,16,85,171, எல்லையைத் தாண்டிவிடும். ஒரே ஒரு புள்ளி.

அவ்வளவு பெரிய அணியைச் சோதனையில் ஒதுக்க முடியாதே என்றுதான் முதலில் கைவிரித்தோம். ஒரு புலத்துக்கே 17 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். பிறகு குறியீட்டெண்ணைக் கணக்கிடும் பகுதியை மட்டும் தனிச் சார்பாகப் பிரித்தோம். நினைவகம் எதையும் ஒதுக்காமல் அந்தச் சார்புக்கு 1291 என்னும் அளவை மட்டும் கொடுத்துக் கடைசிப் புள்ளியைக் கேட்கும் சோதனை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

நிலவன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் அவ்வப்போது தோற்கும் ஒரு சோதனை இருந்தது. மறுபடி ஓட்டினால் தேறிவிடும். பிணையத்தில் ஏதோ தடங்கல் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். தோற்றால் மூன்று முறை வரை மீண்டும் முயலட்டும் என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தேன். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சோதனை பச்சையாகவே இருந்தது.

ஒரு பயனர் தம் முடிவுப் படத்தை அனுப்பினார். ரேங்குகள் சந்திக்கும் கோடுகளில் மட்டும் மெல்லிய தையல் போன்ற தடம் தெரிந்தது. விளிம்புப் புள்ளிகளை அண்டை ரேங்கிலிருந்து பெறுவதற்குக் காத்திராப் பெறுதலை (செய்தி வரும்வரை நிற்காமல் வேலையைத் தொடரும் முறையை) தொடங்கியிருந்தோம். ஆனால் செய்தி வந்து சேரும்வரை காத்திருக்கும் வெயிட்-ஆல் அழைப்பு முடிவதற்கு முன்பே ஓரிடத்தில், செய்தி வந்து விழும் இடையகத்தைப் படித்துக் கணக்கிட்டிருந்தோம். ஒரே கணுவுக்குள் (ஒரே கணினிக்குள்) செய்தி விரைவாக வந்துவிடுவதால் பெரும்பாலும் சரியான எண்ணே கிடைத்தது. பல கணுக்களில் ஓடும்போது சில சமயம் முந்தைய படியின் எண் அங்கே கிடந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அனுப்பும் பக்கத்தில் ஒரு நொடி உறங்கும் வரி ஒன்றைச் சேர்த்துச் சோதனையை ஓட்டினேன். முதல் முறை தோற்றது. இரண்டாம் முறை தோற்றது. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் தோற்றது.

அந்தப் பயனர் அதற்குள் எத்தனை ஓட்டங்களின் முடிவுகளை எடுத்து எழுதியிருந்தார் என்று கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கேட்டேன். பதினொன்று என்றார். அந்தப் பதினொன்றையும் எங்கள் கணக்கு நேரத்திலிருந்தே மறுபடி ஓட்டிக் கொடுத்தோம். மறுமுயற்சி வரியை எடுத்துவிட்டேன். உறக்க வரியை எடுக்கவில்லை, அது இப்போது ஒவ்வோர் இரவும் ஓடும் தனிச் சோதனையாக இருக்கிறது.